தட்டிய தட்டைக் கழுவியது யார்?

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, மாலை ஐந்து மணி. நாடு முழுக்க மக்கள் மாடியிலும் பால்கனியிலும் வாசலிலும் நின்று கைதட்டினார்கள். தட்டையும் தாம்பாளத்தையும் கரண்டியால் தட்டினார்கள். மருத்துவர், செவிலியர், தூய்மைப் பணியாளர் எல்லாருக்கும் நன்றி சொல்லும்படி பிரதமர் கேட்டிருந்தார். நன்றி சொன்னதில் ஒரு தவறும் இல்லை. அந்த ஓசையின் அதிர்வில் கிருமி செத்துவிடும், பதினான்கு மணி நேரம் வெளியே வராமல் இருந்தால் தொற்றுச் சங்கிலி அறுந்துவிடும் என்றெல்லாம் வாட்ஸ்ஆப்பில் வந்ததை நம்பியதுதான் தவறு. பகுத்தறிவு பேசுகிறவர்கள் அன்றே அதைக் கண்டித்தார்கள். கண்டித்தது சரி.

எனக்கு அதற்கு அடுத்த கேள்வி ஒன்று இருக்கிறது. ஐந்தேகால் மணிக்கு அந்தத் தட்டு எங்கே போனது? சமையலறைத் தொட்டிக்குப் போனது. அதைக் கழுவியது யார்? தட்டைத் தட்டியவர் வீட்டிலும், தட்டியதைக் கண்டித்தவர் வீட்டிலும் பதில் ஒன்றாகவே இருந்தது. மூடநம்பிக்கையை வாசலில் நிறுத்திவிட்டதாக நினைத்த வீட்டிலும், அடுப்படிக்குள் இருந்த மூடநம்பிக்கையை யாரும் தொடவில்லை. பெண்ணாகப் பிறந்தவருக்குப் பாத்திரம் கழுவுவது இயல்பு என்பதும் ஒரு மூடநம்பிக்கைதான். அதற்கும் ஆதாரம் கிடையாது. அதையும் பரம்பரை பரம்பரையாகச் சொல்லித்தான் நம்ப வைத்திருக்கிறார்கள்.

ஊரடங்குக் காலத்தைப் பலர் இன்று இனிமையாக நினைத்துப் பார்க்கிறார்கள். குடும்பமாக உட்கார்ந்து சாப்பிட்டோம், பேசினோம், பல்லாங்குழி ஆடினோம் என்கிறார்கள். ஆடியிருக்கலாம். அந்தக் காலத்து வீடு ஒன்றைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம்.

சென்னைப் புறநகர், இரண்டு படுக்கையறை. கணவர், மனைவி, கல்லூரியில் படிக்கும் மகன், பத்தாம் வகுப்பு மகள், கணவரின் அம்மா. ஊரடங்குக்கு முன்பு காலை ஏழரைக்குள் சமையல் முடிந்து சாப்பாட்டு டப்பாக்கள் கிளம்பிவிடும். பிறகு சாயங்காலம் வரை அடுப்புக்கு வேலை குறைவு. மார்ச் 25 முதல் அந்த இடைவெளி போயிற்று. விடிந்ததும் காபி. எட்டரைக்கு எழுந்து வருகிற மகனுக்குத் தனியாகக் காபி. இட்லி, சட்னி. பதினொரு மணிக்கு மோர். மதியம் சாதம், குழம்பு, ரசம், பொரியல். நாலு மணிக்கு டீ. கூடவே, “எல்லாரும் வீட்டுலதானே இருக்கோம், சூடா நாலு பஜ்ஜி போடேன்” என்ற குரல். இரவுக்குத் தோசை. தோசை ஒவ்வொன்றாகத்தான் வரும். கூடத்தில் நான்கு பேர் சாப்பிட்டு எழுந்து கைகழுவிய பிறகு, ஊற்றியவர் தனக்கு இரண்டு ஊற்றிக்கொண்டு அடுப்பு மேடை ஓரத்திலேயே நின்றபடி சாப்பிடுவார். பிறகு தொட்டியைப் பார்ப்பார். குக்கர், அடிப்பிடித்த பால் பாத்திரம், மாவு காய்ந்துபோன கிரைண்டர் கல், எண்ணெய்ச் சட்டி, ஆளுக்கு மூன்றாக டம்ளர். வேலைக்கு வரும் அக்காவை உள்ளே விடக்கூடாது என்று குடியிருப்போர் சங்கம் சொல்லிவிட்டதால் அவர் செய்த வேலையும் இந்த அம்மாவின் தலையில்தான். நாளெல்லாம் ஈரத்திலேயே இருந்து விரல் இடுக்குகளில் தோல் உரிந்திருக்கும். இரவு தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்பார். படுத்த பிறகும் ஒரு வேலை பாக்கி: நாளைக்கு என்ன சமைப்பது, எது தீர்ந்துவிட்டது, மாவு நாளைக்கு வருமா, மாமியாரின் சர்க்கரை மாத்திரை எத்தனை மிச்சம் என்று யோசிப்பது. இந்த வேலையை யாரும் வேலை என்று எண்ணியதில்லை. அது ஓய்வதும் இல்லை.

மகளுக்குப் பொதுத்தேர்வு. தேர்வு தள்ளித் தள்ளிப் போய், கடைசியில் ஜூன் 9 அன்று ரத்தானது. அதுவரை அந்தப் பெண் புத்தகத்தை மூடவும் முடியாமல் படிக்கவும் முடியாமல் தவித்தாள். நடுவே, “சும்மாதானே இருக்கே, அம்மாவுக்குக் கொஞ்சம் கூடமாட இரேன்” என்று பாட்டி அவளைத்தான் கூப்பிடுவார். தேர்வே இல்லாத அண்ணன் பக்கத்து அறையில் அலைபேசி பார்த்துக்கொண்டிருப்பான். அவனை யாரும் கூப்பிட மாட்டார்கள். சமையல் பெண்ணின் இரத்தத்தில் ஊறியது என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தைப் பார்க்க வேண்டும். இரத்தத்தில் ஊறியிருந்தால் அவளைக் கூப்பிட வேண்டிய அவசியம் என்ன?

கணவர் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமல்ல. முகக்கவசம் மாட்டிக்கொண்டு, வரைந்த வட்டத்துக்குள் வரிசையில் நின்று, காய்கறியும் மளிகையும் வாங்கி வந்தார். அந்த நாட்களில் அது ஆபத்தான வேலைதான். ஆனால் அது வாரத்துக்கு இரண்டு தடவை. அதற்குப் பாராட்டும் உண்டு. வாங்கி வந்த பையை வாசலில் வைத்துவிட்டு நேரே குளிக்கப் போவார். பிறகு தொடங்கும் வேலை அவருடையது அல்ல. பால் பாக்கெட்டைச் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். தக்காளியையும் கத்தரிக்காயையும் உப்பும் மஞ்சளும் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, துடைத்து, துணியில் பரப்பி உலர்த்த வேண்டும். கறிவேப்பிலைகூட ஆய்ந்து அலசப்பட்டது.

அன்று அப்படிச் செய்தது அறியாமை அல்ல. கிருமி எந்த வழியாகப் பரவுகிறது என்று அறிவியல் உலகமே தேடிக்கொண்டிருந்த நேரம் அது. ஓராண்டு கழித்து, 2021 ஏப்ரலில், பொருள்களைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் சொன்னது. அந்த மாத முடிவிலேயே, காற்று வழியாகப் பரவுவதை உலக சுகாதார நிறுவனமும் முன்பைவிடத் தெளிவாக ஒப்புக்கொண்டது. ஜன்னலைத் திறந்து வைப்பது தக்காளியைக் கழுவுவதைவிடப் பெரிய காப்பு என்று ஆயிற்று. புதிய ஆதாரம் வந்ததும் அறிவியல் தன் பேச்சைத் திருத்திக்கொண்டது. அதனால்தான் அது அறிவியல். நம் வீடுகளும் ஒன்றைத் திருத்திக்கொண்டன, பால் பாக்கெட் கழுவுவது நின்றது. கழுவுகிற கை யாருடையது என்பது மட்டும் திருத்தத்துக்கு வரவே இல்லை.

“வேலைக்குப் போகிற மனுஷனுக்கு நேரம் ஏது?” என்பதுதான் காலங்காலமாகச் சொல்லப்படும் காரணம். ஊரடங்குக்கு முந்தைய ஆண்டான 2019-ல் தேசியப் புள்ளியியல் அலுவலகம், மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில், சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் ஈடுபட்ட பெண்கள் 81.2 விழுக்காடு. ஆண்கள் 26.1 விழுக்காடு. அதாவது நூறு ஆண்களில் எழுபத்து மூன்று பேருக்கு மேல் அந்த நாளில் வீட்டில் ஒரு துரும்பையும் அசைக்கவில்லை. அசைத்தவர்களும் சராசரியாக 97 நிமிடம்தான் செய்தார்கள். பெண்கள் செய்தது 299 நிமிடம், ஏறத்தாழ ஐந்து மணி நேரம். குழந்தை, முதியவர், நோயாளி ஆகியோரைக் கவனிப்பது இதில் சேராது. அதற்குத் தனிக் கணக்கு.

நேரமில்லை என்பதுதான் உண்மையான காரணமா என்று சோதிக்க நமக்கு அதுவரை வழி இருக்கவில்லை. அலுவலகத்தையும் கடையையும் கல்லூரியையும் ஒரே நாளில் மூடி, எல்லா ஆண்களையும் வீட்டுக்குள் உட்காரவைத்துப் பார்க்க யாரால் முடியும்? 2020-ல் அது நடந்தது. ஒன்று இன்னொன்றுக்குக் காரணம் என்றால், காரணத்தை எடுத்ததும் விளைவும் போக வேண்டும். பகுத்தறிவின் அரிச்சுவடி இது.

நடந்தது என்ன? பொருளியலாளர் அஷ்வினி தேஷ்பாண்டே, இந்தியக் குடும்பங்களைத் தொடர்ந்து ஆய்ந்த தரவுகளைக் கொண்டு இதைப் பார்த்தார். ஊரடங்கின் முதல் முழு மாதமான ஏப்ரலில் ஆண்கள் வீட்டு வேலை செய்யும் நேரம் கூடியது, பல மாநிலங்களில் ஆண்–பெண் இடைவெளி குறைந்தது. ஆனால் ஆகஸ்டுக்குள் ஆண்களின் நேரம் மறுபடி இறங்கிவிட்டது. முழுவதுமாகப் பழைய நிலைக்குப் போகவில்லை என்பது மட்டுமே ஆறுதல். இந்தச் சிறு தகவலை நான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். ஏப்ரலில் ஆண்களுக்குச் சமைக்க வந்தது. பெருக்க வந்தது, துணி உலர்த்த வந்தது. ஆகவே அது பிறவியில் இல்லாத திறமை அல்ல. ஆகஸ்டில் விட்டுவிட்டார்கள். திறமை நான்கு மாதத்தில் மறந்துபோகாது. விட முடிந்ததால் விட்டார்கள். நான் விட்டால் இன்னொருவர் செய்துவிடுவார் என்ற உறுதி அவர்களுக்கு இருந்தது. வீட்டில் அந்த உறுதி இல்லாத ஒரே ஆள் அந்த அம்மா. அவர் விட்டால் செய்ய யாருமில்லை. வீட்டில் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று அறிய வேறு அளவுகோல் வேண்டாம்.

இதே நாட்களில்தான் இன்னொரு செய்தி கைபேசி கைபேசியாகச் சுற்றியது. நம் முன்னோர்கள் முட்டாள்கள் அல்ல. கைகூப்பி வணங்கியது, வாசலில் கால் கழுவியது, மடி, ஆச்சாரம், தீட்டு எல்லாம் கிருமியை அறிந்தே செய்தவை. இன்று உலகமே நம்மைப் பின்பற்றுகிறது என்றது அது. படித்தவர்களே பெருமையுடன் அதை அனுப்பினார்கள். கால் கழுவுவது நல்ல பழக்கம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் தீட்டைக் கிருமியியல் என்று சொல்வது பச்சைப் பொய், கொடூரமான பொய்யும்கூட.

தொற்றுக்காக நாம் கடைப்பிடித்த விலகல் எல்லாருக்கும் ஒன்றுதான். அமைச்சரிடமிருந்தும் ஆறடி, ஆட்டோ ஓட்டுநரிடமிருந்தும் ஆறடி. தனிமைப்படுத்தினால் பதினான்கு நாளில் முடியும். தொற்றில்லை என்று தெரிந்தால் விலக்கவே தேவையில்லை. சாதித் தீட்டு பிறப்பைப் பார்க்கிறது. சாகும்வரை முடிவதில்லை. எந்தப் பரிசோதனையாலும் அது நீங்குவதில்லை. சேரியிலிருந்து வந்தவர் நாற்று நட்டு, களையெடுத்து, அறுத்து, அடித்துத் தூற்றிய நெல் வீட்டுக்குள் போய்ச் சோறாகி இலையில் விழலாம்; அவர் மட்டும் வாசற்படி ஏறக்கூடாது. நெல்லில் ஒட்டாமல் ஆளிடம் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி உலகத்தில் எங்கும் கிடையாது. மாதவிலக்கு நாட்களில் பெண்ணை ஒதுக்கியது ஓய்வுக்காக என்கிறார்களே, அப்படியானால் ஊரடங்கில் அந்த மூன்று நாளும் அவருக்குப் பதில் அடுப்படியில் நின்றது யார்? பூசையறைக்குள் போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டுப் பாத்திரத் தொட்டிக்கு அனுப்பிய வீடுகளைத்தான் எனக்குத் தெரியும்.

அம்மை கண்ட வீட்டில் வேப்பிலை கட்டினார்கள், வெளியாரை உள்ளே விடவில்லை என்பதையும் சான்றாகச் சொல்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக வேப்பிலை கட்டினோம். பெரியம்மை போகவில்லை. ஊர் ஊராகப் போய்த் தடுப்பூசி போட்டார்கள். இந்தியாவில் 1975-க்குப் பிறகு பெரியம்மை இல்லை. 1980-ல் உலகிலிருந்தே அது ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. முன்னோர்கள் முட்டாள்கள் அல்லர். தெரிந்த அளவில் தங்கள் பிள்ளைகளைக் காப்பாற்றப் பார்த்தார்கள். அவர்களுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்த பிறகும் அவர்கள் இடத்திலேயே நிற்பதுதான் அவர்களை அவமதிப்பது.

தீட்டு உயிரோடு இருக்கிறது என்பதை ஊரடங்கில் அடுக்குமாடிக் குடியிருப்பின் கேட்டில் பார்த்தோம். கொரோனா இந்தியாவுக்கு வந்தது 2020 ஜனவரி 30, வூகானிலிருந்து கேரளம் திரும்பிய மாணவியின் வழியாக. தமிழ்நாட்டின் முதல் தொற்று மார்ச் 7, ஓமனிலிருந்து திரும்பிய காஞ்சிபுரத்துக்காரர். அவர்கள்மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் கிருமி விமானத்தில் வந்தது என்பது உண்மை. சந்தேகமோ, பேருந்து இல்லாமல் நடந்தே வந்த வீட்டு வேலைக்காரப் பெண்மேல் விழுந்தது. மே மாதத்துக்குப் பிறகு பல குடியிருப்புகள் அவர்களை மறுபடி அனுமதித்தபோது, லிஃப்டில் ஏறக்கூடாது, இன்ன நேரத்துக்குள்தான் வர வேண்டும் என்று விதித்தன. வெளிநாட்டிலிருந்து வந்த மகனுக்கு லிஃப்ட் உண்டு. நான்கு வீட்டுக் கரியையும் தேய்த்துக் கழுவுகிறவருக்குப் படிக்கட்டு. இதில் எங்கே இருக்கிறது கிருமியியல்?

சம்பளத்தில் நடந்தது அதைவிட மோசம். கைதட்டச் சொன்ன அந்த மார்ச் 19 உரையிலேயே பிரதமர் இன்னொன்றும் கேட்டிருந்தார். வேலைக்கு வர முடியாதவர்களின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்றார். ஒரே உரை, இரண்டு வேண்டுகோள். கைதட்டல் நாடு முழுதும் கேட்டது. சம்பளமோ, “வேலைக்கே வரலையே, எதுக்குச் சம்பளம்?” என்ற கேள்வியோடு பல வீடுகளில் நின்றுபோனது. அப்படிக் கேட்டவர்களில் பலர் தாமே வீட்டில் உட்கார்ந்து முழு மாதச் சம்பளம் வாங்கியவர்கள். தனக்குக் கிடைத்த நியாயம் தன் வீட்டில் வேலை செய்கிறவருக்கும் உண்டு என்று தோன்றாமல் போனது எதனால்? கொடுமைக்காரர்கள் என்பதால் அல்ல. நெற்றியில் பொட்டிட்டு, தீபாவளிக்குச் சேலை எடுத்துக் கொடுத்து, “எங்க வீட்டு மனுஷி மாதிரி” என்று சொன்னவர்கள்தான் அவர்கள். சேலை கொடுத்தால் மனசு நிறைகிறது, கொடுத்தவர் பெரியவராகிறார். சம்பளம் கொடுத்தால் கடன்தான் தீரும். நாம் முன்னதை விரும்புகிறோம்.

இதைத்தான் நான் அந்த ஊரடங்கின் பெரிய பாடமாகப் பார்க்கிறேன். ஒருவருக்கு நாம் தர வேண்டியது உழைப்பும் கூலியும் பாதுகாப்பும். அந்த இடத்தில் நாம் தந்தது வணக்கம். 2020 மே 3 அன்று ஹெலிகாப்டர்கள் மருத்துவமனைகள்மேல் பூத்தூவின. அதற்கு இரண்டு வாரம் முன்பு, ஏப்ரல் 19 இரவு, சென்னையில் கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவை மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யக் கொண்டுபோன வண்டியைக் கும்பல் ஒன்று அடித்து விரட்டியது. உடன் வந்தவர்களுக்குக் காயம். சக மருத்துவர் ஒருவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண் தள்ளி அவரைப் புதைக்க வேண்டியிருந்தது. பிணத்தைப் புதைத்தால் கிருமி பரவாது என்று மருத்துவர்கள் சொல்லியும் கேட்கவில்லை. அடக்கத்தைத் தடுத்தால் சிறை என்று அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்த பிறகுதான் அடங்கினார்கள். மார்ச்சில் மருத்துவருக்குக் கைதட்டிய ஊரும் இதே ஊர்தான். கைதட்டலுக்கும் கல்லெறிதலுக்கும் இடையில் சிந்தனை என்று ஒன்று இருந்திருந்தால் இது நடந்திருக்காது. இரண்டுமே பயத்தில் பிறந்தவை.

தூய்மைப் பணியாளர்களுக்குப் பல ஊர்களில் மாலை போட்டார்கள். கால் கழுவிப் பாதபூசை செய்ததையும் படம் எடுத்துப் போட்டார்கள். கையுறையும் நல்ல முகக்கவசமும் இல்லாமல் தொற்று வீட்டுக் குப்பையை அள்ளியவர்கள் அவர்கள். ஐந்தாண்டு கழித்து, 2025 ஆகஸ்டில், சென்னை மாநகராட்சியின் இரண்டு மண்டலங்களில் தூய்மைப் பணி தனியாருக்குப் போவதை எதிர்த்தும் பணி நிரந்தரம் கேட்டும் அவர்கள் ரிப்பன் மாளிகை வாசலில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. அவர்கள் கேட்டது பாதபூசை அல்ல. மாதாமாதம் உறுதியான சம்பளத்தோடு ஒரு வேலை.

கோவையை அடுத்த இருகூரில், 2021 மே மாதம், கொரோனா தேவி என்று சிலையே வைத்துப் பூசை செய்தார்கள். பிளேக் நோய்க்கு மாரியம்மன் கண்ட கோவைக்கு அது புதிதல்ல. அந்த மாதக் கடைசியில் நாளொன்றின் புதிய தொற்றில் கோவை மாவட்டம் சென்னையையே தாண்டியது. வேண்டியவர்களின் துயரத்தை நான் குறைத்துப் பேசவில்லை. ஆக்சிஜன் படுக்கை கிடைக்காமல் தவிக்கிறவருக்கு எங்காவது கையேந்தத் தோன்றும். ஆனால் நோயைத் தெய்வமாக்கியதும், மனைவியைத் தெய்வமாக்கியதும், தூய்மைப் பணியாளரைத் தெய்வமாக்கியதும் ஒரே மனம் செய்த வேலை. தெய்வமாக்கிவிட்டால் அதற்குப் பிறகு நாம் செய்ய வேண்டியது எதுவும் மிச்சமில்லை என்று அந்த மனம் நம்புகிறது. அன்னபூரணி என்று சொன்ன பிறகு யாரும் அவளுக்குச் சோறு பரிமாறுவதில்லை.

வீட்டுக்குள் நடந்த வன்முறையைப் பற்றிச் சொல்லாமல் ஊரடங்கு வாழ்க்கையைப் பேசக்கூடாது. அடிக்கிறவனோடு ஒரே அறையில் பூட்டப்பட்ட பெண்ணுக்கு “வீட்டிலேயே இருங்கள், பாதுகாப்பாக இருங்கள்” என்ற விளம்பரம் என்ன சொன்னது? தாய்வீட்டுக்குப் போகப் பேருந்து இல்லை. தொலைபேசியில் பேசத் தனிமை இல்லை. ஏப்ரலில் தேசிய மகளிர் ஆணையம், குரல் எழுப்பிப் பேச முடியாதவர்கள் எழுத்தில் புகார் தர வாட்ஸ்ஆப் எண் ஒன்றை அறிவிக்க வேண்டி வந்தது. உலகம் முழுக்க இதே நிலை என்று ஐ.நா. பொதுச்செயலாளர் ஏப்ரல் தொடக்கத்திலேயே எச்சரித்தார். தமிழ்நாட்டில் அரசு செய்தது என்ன? ஏப்ரலில் அரிசி அட்டைக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்தது, அது நல்ல காரியம். மே 7 அன்று, சென்னை நீங்கலாக, டாஸ்மாக்கைத் திறந்தது. அந்த ஒரு நாளில் 170 கோடி ரூபாய்க்கு மேல் விற்பனை. பல ஊர்களில் பெண்கள் தெருவில் இறங்கித் தடுத்தார்கள். உயர் நீதிமன்றம் மறுநாளே மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்ததும், 16-ம் தேதி மறுபடி திறந்தார்கள். பள்ளி மூடியிருந்தது, நூலகம் மூடியிருந்தது. வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஆண்களுக்குச் சாராயம் மட்டும் அத்தியாவசியம் ஆயிற்று. அந்த ஆயிரம் ரூபாயில் எவ்வளவு எந்த வழியாகத் திரும்பிப் போயிருக்கும் என்பது அந்தந்த வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

இப்போது பகுத்தறிவாளர்களிடம் வருகிறேன். அவர்களிடம் பேசத்தான் இதை எழுதத் தொடங்கினேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு, பெண்ணுக்கு ஆணோடு சமமான சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அது தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை, அறுபது ஆண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. புரோகிதர் இல்லாத சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வாங்க 1967 வரை காத்திருந்தோம். கணவன் வாங்கிய சொத்தில், வீட்டு வேலை பார்த்த மனைவிக்கும் சம பங்குண்டு என்று சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது 2023-ல். இவை எல்லாம் பெரிய வெற்றிகள். இவற்றுக்கு மாநாடும் போராட்டமும் சட்டமன்றமும் நீதிமன்றமும் தேவைப்பட்டன. சாப்பிட்ட தட்டைக் கழுவிவைக்க எந்தச் சட்டமன்றமும் தேவையில்லை. ஒருவர் நினைத்தால் இன்று இரவே முடியும். அப்படியிருந்தும் அது நடக்கவில்லை. தாலியை மறுத்து மணந்தவர், சாதியை மறுத்து மணந்தவர், மேடையில் பெண் விடுதலை பேசுகிறவர் வீட்டிலும் ஊரடங்கின் நாலு மணி டீ யார் கையால் வந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

உடனே ஒரு பதில் வரும். “நான் செய்யறேன்னுதான் சொல்றேன். அவங்கதான் உள்ளயே விடமாட்டேங்கறாங்க.” இது பொய்யல்ல. பல பெண்கள் அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் தனக்கென்று இருக்கும் ஒரே இடத்தை, ஒரே மதிப்பை, விட யாருக்கும் மனம் வராது. நீங்கள் கழுவிய குக்கரை அவர் மறுபடி கழுவுவதும் உண்மைதான். நீங்கள் சரியாகக் கழுவவில்லை. முதல் முறை யாரும் சரியாகக் கழுவுவதில்லை. அவரும் பத்து வயதில் திட்டு வாங்கித்தான் கற்றுக்கொண்டார். இன்னொரு பதில், அவருக்கு அதில் ஒரு மகிழ்ச்சி இருக்கிறது என்பது. இருக்கலாம். சமைத்துப் போடுவதில் உண்மையான மகிழ்ச்சி உண்டு, நான் அதை மறுக்கவில்லை. ஆனால் வேறு வழியே இல்லாத ஒருவர் சிரித்தால், அந்தச் சிரிப்பை வைத்து அவர் விருப்பத்தைத் தீர்மானிக்க முடியாது. வழி இருந்து, விட்டுவிடவும் முடிந்து, அப்போதும் அவர் அதையே தேர்ந்தால்தான் அது விருப்பம்.

ஆகவே, ஆதாரத்தை நம்புகிறவர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் எவரும் இதைச் சோதித்தே பார்க்கலாம். ஒரு மாதம். இன்றைக்கு என்ன சமையல் என்று யோசிப்பது முதல், காய் வாங்கி, நறுக்கி, சமைத்து, பரிமாறி, கடைசியில் சாப்பிட்டு, அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்த்து, தொட்டியைத் துடைத்து, மறுநாளைக்கு உளுந்து ஊறப்போடுவது வரை எல்லாவற்றையும் நீங்கள் செய்யுங்கள். “உதவி” செய்யாதீர்கள், பொறுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பு எங்கே இருக்கிறது என்று கேட்காதீர்கள், தேடி எடுங்கள். நடுவில் யாரும் கைதட்ட மாட்டார்கள், கைதட்டலை எதிர்பார்க்கவும் வேண்டாம். முப்பதாவது நாள் இரவு அவரிடம் கேளுங்கள், நாளையிலிருந்து இது யாருடைய வேலை என்று. அவர் என்ன சொன்னாலும், அதற்குப் பிறகு நீங்கள் இருவரும் பேசுவது வேறு பேச்சாக இருக்கும்.